தன்வரலாறு படித்துச் சொல்வளம் பெருக்கும் முறை

தெரியாத சொல்லுக்கு அகராதியில் பொருள் பார்த்து நோட்டில் எழுதி வைப்பது எளிது. அடுத்த வாரம் அதே சொல் வேறொரு வாக்கியத்தில் வரும்போது, எழுதிய ஞாபகம் இருக்கும், பொருள் இருக்காது. பக்கத்துச் சொற்களோடு சேர்த்துப் பிடித்த சொல்தான் மனத்தில் தங்கும். அப்படிப் பிடிப்பதற்குத் தன்வரலாறு மிகவும் தோதான நூல்வகை.

காரணம், அது ஒரே மனிதரின் பேச்சு. நாவலில் பத்துப் பாத்திரங்கள் பத்து விதமாகப் பேசுவார்கள். தன்வரலாற்றில் ஒருவரே முந்நூறு, நானூறு பக்கம் பேசுகிறார். அவருக்குப் பழகிப்போன சொற்கள் திரும்பத் திரும்ப வரும். முதல் அத்தியாயத்தில் மங்கலாகத் தெரிந்த சொல் ஐந்தாம் அத்தியாயத்தில் தெளிவாகிவிடும். தவிர, தம் காலத்துச் சொல் பிற்காலத்தவருக்குப் புரியாது என்பது எழுதுகிறவருக்கே தெரியும். ஆகவே 'அதாவது', 'என்று சொல்வார்கள்', 'அதற்கு அப்போது இப்படிப் பெயர்' என்று அவரே பொருளைச் சொல்லிவிட்டுப் போகும் இடங்கள் நிறைய உண்டு. அந்த இடங்களை ஒருபோதும் அவசரமாகத் தாண்டாதீர்கள்.

நூலைத் தேர்வது

நூலின் தொடக்கம், நடு, கடைசி ஆகிய மூன்று இடங்களிலும் நூறு நூறு சொற்களை எண்ணி, தெரியாதவை எத்தனை என்று பாருங்கள். நூற்றுக்கு இரண்டு வரை இருந்தால் நூல் உங்களுக்குப் பொருத்தம். ஹூ, பால் நேஷன் இருவரும் 2000-இல் வெளியிட்ட ஆய்வு, பிறர் துணையின்றி ஒரு கதையைப் புரிந்துகொள்ள அதிலுள்ள சொற்களில் ஏறக்குறைய 98 விழுக்காடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. அது ஆங்கிலம் கற்பவர்களை வைத்துச் செய்த ஆய்வு. தமிழுக்கு அந்த எண்ணை அப்படியே பிடித்துக்கொள்ளத் தேவையில்லை, அளவுகோலாகப் பயன்படும். நூற்றுக்கு ஐந்து என்றால் மெதுவாகப் படிக்கலாம். எட்டு, பத்து என்று போனால் வேறு நூலை எடுங்கள். தெரியாத சொல்லைச் சுற்றி நிற்பவையும் தெரியாத சொற்களாக இருந்தால் எதை வைத்து ஊகிப்பது?

எண்ணும்போது ஒரு கவனம் வேண்டும். 'போயிருந்திருக்கலாம்' என்பது நீளமான சொல், புதிய சொல் அல்ல. விகுதிகளைக் கழித்துவிட்டு வேர் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள்.

நூல் எழுதப்பட்ட ஆண்டையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள். நிகழ்ச்சி நடந்த ஆண்டு வேறு, எழுதிய ஆண்டு வேறு. சொற்கள் பெரும்பாலும் எழுதிய ஆண்டைச் சேர்ந்தவை. மொழிபெயர்ப்புத் தன்வரலாறுகளை முதல் நூலாக எடுக்க வேண்டாம். அவற்றில் மொழிபெயர்த்தவரின் சொல்லும் மூலத்தின் நிழலும் கலந்திருக்கும், ஒரே மனிதரின் சொற்கிடங்கு என்ற வசதி குறைந்துபோகும்.

படிக்கும் முறை

ஒரு தடவைக்கு முப்பது நிமிடம் போதும். முதல் இருபது நிமிடம் நிற்காமல் படியுங்கள். தெரியாத சொல்லின் கீழ் பென்சிலால் ஒரு கோடு மட்டும் போதும். அகராதியைத் தொடக் கூடாது. நடுவில் நிறுத்தினால் கதையின் இழை அறுந்துவிடும். அந்த இழைதான் பின்னால் ஊகிக்க உதவப்போகிறது.

மீதிப் பத்து நிமிடத்தில் கோடிட்ட இடங்களுக்குத் திரும்புங்கள். இருபது கோடுகள் இருந்தாலும் ஆறு சொற்களுக்கு மேல் எடுக்க வேண்டாம். எந்த ஆறு? இரண்டு முறைக்கு மேல் வந்தவை, அல்லது தெரியாததால் நிகழ்ச்சியே புரியாமல் போனவை. ஒருமுறை தலைகாட்டிவிட்டுப் போகும் செடியின் பெயரும் கருவியின் பெயரும் காத்திருக்கலாம்.

ஒவ்வொரு சொல்லுக்கும் முந்தின வாக்கியம், அது வரும் வாக்கியம், அடுத்த வாக்கியம் மூன்றையும் சேர்த்துப் படித்து, உங்கள் ஊகத்தை ஓரத்தில் எழுதுங்கள். இதற்காகவே அமைத்த ஒரு பகுதியில் செய்து பார்ப்போம்:

'அந்த வருஷம் ஜாகையை மாற்ற வேண்டி வந்தது. புது இடத்தில் இரண்டே அறைகள். அப்பா காலையில் கச்சேரிக்குப் போனால் இருட்டிய பிறகுதான் திரும்புவார். அம்மா ஒரு குறையும் சொல்லவில்லை, வாளாவிருந்தாள். அந்த மௌனம் அப்பாவுக்கு ஏச்சைவிட அதிகக் கிலேசத்தைத் தந்தது.'

'ஜாகை' எளிது. மாற்றக்கூடியது, அடுத்த வாக்கியத்தில் 'இடம்' என்று திரும்ப வருகிறது, அதில் அறைகள் இருக்கின்றன. குடியிருக்கும் இடம் என்று துணிந்து எழுதலாம்.

'வாளாவிருந்தாள்' என்பதை முதலில் பிரிக்க வேண்டும்: வாளா, இருந்தாள். நடுவில் நிற்கும் வகரம் புணர்ச்சியில் வந்தது. பிரிக்காமல் அகராதியில் தேடினால் கிடைக்காது. முன்னால் 'குறை சொல்லவில்லை', பின்னால் 'அந்த மௌனம்'. இரண்டு பக்கமும் சாட்சி இருக்கிறது: பேசாமல், சும்மா இருந்தாள். 'அந்த', 'இந்த', 'அப்படிப்பட்ட' என்று தொடங்கும் அடுத்த வாக்கியம் முன்சொன்னதையே வேறு பெயரால் சொல்லும். தமிழ் உரைநடையில் கிடைக்கும் குறிப்புகளிலேயே மிகவும் நம்பத்தக்கது இதுதான்.

'கிலேசம்' அவ்வளவு தெளிவல்ல. ஏச்சைவிட மோசமாக மனத்தைத் தாக்கும் ஒன்று என்பது வரை தெரிகிறது. அது கோபமா, பயமா, வருத்தமா என்று இந்தப் பகுதி சொல்லவில்லை. 'மனத்துக்கு ஆகாத ஓர் உணர்வு' என்று எழுதிவிட்டு நிறுத்துங்கள். சூழல் காட்டாத பொருளைக் கற்பனையால் நிரப்பினால், அந்தத் தவறான பொருள்தான் முதலில் பதியும். பிறகு அகராதி பார்த்தாலும் அதைக் கிளப்புவது கடினம். அகராதி தரும் பொருள், மனத்துயரம்.

'கச்சேரி' என்ற சொல்லுக்குப் பலர் கோடே போட்டிருக்க மாட்டார்கள். தெரிந்த சொல்தானே என்று பாடகர் ஒருவரைக் கற்பனை செய்துகொண்டு மேலே போயிருப்பார்கள். பழைய எழுத்தில் கச்சேரி என்பது அரசாங்க அலுவலகத்தையும் குறிக்கும். நாள்தோறும் காலையில் போய் இருட்டிய பிறகு திரும்புவது சங்கீதத்துக்குப் பொருந்துமா என்று கேட்டால் சந்தேகம் எழும். பின்னால் 'தாசில் கச்சேரி' என்று வந்தால் சந்தேகம் தீரும்.

தன்வரலாறு படிப்பதில் மிகப் பெரிய இடறல் இத்தகைய சொற்கள்தான் என்று அழுத்திச் சொல்வோம். தெரியாத சொல் நம்மை நிறுத்துகிறது. தெரிந்ததுபோல் தோன்றும் சொல் நிறுத்துவதே இல்லை. 'சம்சாரம்' மனைவியைக் குறிக்கும் இடமும் உண்டு, குடும்ப வாழ்க்கையைக் குறிக்கும் இடமும் உண்டு. 'பத்திரிகை' செய்தித்தாளாகவும் இருக்கலாம், அழைப்பிதழாகவும் இருக்கலாம். வாக்கியம் லேசாகக் கோணலாகப் பட்டாலே அதிலுள்ள தெரிந்த சொற்களையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

எவை குறிப்பு தரும்

இணையாக வரும் சொற்கள் நன்றாக உதவும். 'விசனமும் துக்கமும்' என்றால் ஒன்று தெரிந்தாலே மற்றதன் திசை தெரியும். 'ஆனால்', 'ஆயினும்' என்று வாக்கியம் திரும்பினால் எதிர்ப்பொருளைத் தேடுங்கள். வேற்றுமை உருபும் பேசும்: '-இல் தங்கினோம்' என்றால் இடம், '-ஓடு வரவேற்றார்' என்றால் பெரும்பாலும் ஓர் உணர்வு அல்லது பாங்கு. 'வாஞ்சையோடு அணைத்துக்கொண்டார்' என்ற வாக்கியத்தில் உருபும் வினையும் சேர்ந்து பாதிப் பொருளைச் சொல்லிவிடுகின்றன.

சொல்லைப் பகுத்துப் பார்ப்பதும் நல்லதே, அளவோடு. 'சகபாடி' என்பதைச் 'சக' என்று பிரித்தால் கூடப் படித்தவர் என்பது எட்டிவிடும். 'பாராமுகம்' தானே விளங்கும். அவமானம், அவலட்சணம் இவற்றில் இழிவைக் காட்டும் 'அவ', அவகாசத்தில் அப்படிக் காட்டுவதில்லை. ஆகவே பகுப்பில் கிடைத்த பொருளை வாக்கியத்தில் வைத்துப் பார்க்காமல் ஏற்காதீர்கள். இரண்டும் முரண்பட்டால் வாக்கியத்தின் பக்கம் நில்லுங்கள்.

மேற்கோள் குறிக்குள் வரும் பேச்சை மட்டும் தனியாக வையுங்கள். அங்கே வட்டார வழக்கும், பேசியவரின் கேலியும் கோபமும் கலந்திருக்கும். 'பெரிய கெட்டிக்காரன்தான்!' என்று திட்டுகிற இடத்தைப் படித்து 'கெட்டிக்காரன்' வசைச்சொல் என்று கொள்ளக் கூடாது அல்லவா? அதே பிழை, தெரியாத சொல்லில் தெரியாமலே நடந்துவிடும்.

அகராதி பார்க்கும் நேரம்

ஊகத்தை எழுதிய பிறகுதான் அகராதி. இன்றைய வழக்குச் சொல்லுக்கு 'க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி' ஏற்றது. பழஞ்சொல்லுக்கும் வழக்கொழிந்த பொருளுக்கும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியைப் பாருங்கள். 1924 தொடங்கி 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது அது. வினைச்சொல்லைத் தேடும் முறை இரண்டிலும் வேறு: க்ரியாவில் 'அகழ்' என்று வேர் வடிவில் இருக்கும், பேரகராதியில் 'அகழ்தல்' என்று தொழிற்பெயராக இருக்கும். கிரந்த எழுத்தில் தொடங்கும் சொல் கிடைக்காவிட்டால் ஜகரத்துக்குச் சகரம் என்று மாற்றியும் தேடுங்கள்.

அகராதியில் ஐந்து பொருள் இருந்தால் ஐந்தையும் எழுதிக்கொள்ளும் பழக்கம் வேண்டாம். உங்கள் வாக்கியத்தில் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்து, பொருந்துவதை மட்டும் எழுதுங்கள். மற்றவை அவற்றுக்குரிய வாக்கியத்தோடு பிறகு வரட்டும்.

குறிப்பட்டை

உள்ளங்கை அளவு அட்டை போதும். முன்பக்கம், சொல் வரும் முழு வாக்கியம், சொல் இருக்கும் இடத்தில் மட்டும் வெற்றுக்கோடு. பின்பக்கம், சொல், பொருந்தும் பொருள், பக்க எண், அதோடு சேர்ந்து வரும் வினை. கடைசியாகச் சொன்னதைப் பலர் விட்டுவிடுகிறார்கள். 'கிலேசம் அடைந்தார்' என்பது இயல்பு, 'கிலேசம் செய்தார்' என்றால் ஒட்டாது. வினை இல்லாமல் பெயர்ச்சொல்லை மட்டும் கற்றவர் அதைப் படிக்கும்போது புரிந்துகொள்வார், எழுதும்போது தடுமாறுவார்.

ஊகம் சரியாக இருந்த சொல்லுக்கும் அட்டை தேவை. ஸ்வான்போர்ன், டி குளோப்பர் இருவரும் 20 ஆய்வுகளைத் தொகுத்து 1999-இல் வெளியிட்ட முடிவின்படி, மாணவர்கள் இயல்பாகப் படித்துக்கொண்டு போகும்போது எதிர்ப்படும் தெரியாத சொற்களில் சுமார் 15 விழுக்காட்டைத்தான் கற்றுக்கொள்கிறார்கள். மற்றவை புரிந்ததுபோல் தோன்றி நழுவிவிடும்.

மறுபார்வைக்கு 1, 3, 7, 16, 35-ஆம் நாள் என்ற இடைவெளி நன்றாக ஒத்துவரும். கணக்கு வைப்பது சிரமமென்றால் செபாஸ்டியன் லைட்னர் 1972-இல் ஒரு ஜெர்மன் மொழி நூலில் எழுதிய பெட்டி முறை இருக்கிறது: ஐந்து அறைகள், சரியாகச் சொன்ன அட்டை அடுத்த அறைக்குப் போகும், தவறினால் முதல் அறைக்குத் திரும்பும். முதல் அறையை அன்றாடம் பார்க்க வேண்டும், பின் அறைகளை மேலும் மேலும் தள்ளிப் பார்க்கலாம். எந்த முறையானாலும் அட்டையைத் திருப்புவதற்கு முன் விடையை வாய்விட்டுச் சொல்லுங்கள். வெறுமனே புரட்டிப் பார்த்தால் எல்லாம் தெரிந்ததாகவே தோன்றும்.

ஓர் அட்டை மூன்று முறை தொடர்ந்து தவறினால், மேலும் மனப்பாடம் செய்யாமல் நூலில் அந்தப் பக்கத்தைத் திறந்து நிகழ்ச்சியை முழுவதும் மறுபடி படியுங்கள். பெரும்பாலும் அட்டையில் எழுதிய வாக்கியம் துணை நிற்காத வாக்கியமாக இருக்கும். அதே சொல் வரும் வேறு இடம் கிடைத்தால் மாற்றி எழுதுங்கள்.

எழுதிப் பழகுதல்

வாரம் ஒருமுறை, அந்த வாரத்துச் சொற்களில் நான்கை வைத்து உங்கள் வாழ்வில் நடந்த ஒன்றைப் பத்து வரியில் எழுதுங்கள். எல்லாச் சொல்லும் இன்றைய எழுத்துக்கு ஆகாது. 'வாஞ்சை' இன்றும் வாழ்கிறது. 'அக்கிராசனர்', 'காரியதரிசி' போன்றவை தலைவர், செயலாளர் என்று மாறிவிட்டன. அவற்றின் அட்டையில் ஒரு மூலையில் 'ப' என்று எழுதிவிடுங்கள்: படிக்க மட்டும்.

நூலின் பின்பாதியில் தொழிலும் பொறுப்பும் பற்றிய அத்தியாயங்கள் வரும்போது, தெரியாத சொற்களின் எண்ணிக்கை திடீரென்று ஏறும். இளமைக்காலப் பகுதியின் வீட்டுச் சொற்களிலிருந்து களம் மாறுவதால் வரும் ஏற்றம் அது. அங்கே வேகத்தைப் பாதியாகக் குறைத்து, அந்தத் துறைச் சொற்களை ஒரே கட்டாக வைத்துக்கொள்ளுங்கள். நூல் முடிந்ததும் முதல் அத்தியாயத்தை மீண்டும் படித்து, பென்சில் கோடு போட்ட ஒவ்வொரு சொல்லிலும் நின்று பொருள் சொல்லிப் பாருங்கள். சொல்ல முடிந்த இடத்துக் கோட்டை அழித்துவிடலாம். மீதிக் கோடுகளுக்கு மறுநாளே அட்டை எழுதத் தொடங்குங்கள்.