வெளிநாட்டுக் கிளப்பில் ஸ்ட்ரைக்கராக ஆட வேண்டுமா? கிளம்பும் முன் இதையெல்லாம் பார்த்துக்கொள்

தம்பி, காற்பந்தை நம்பி சிங்கப்பூரிலிருந்து வெளிநாடு போகிறாய் என்றால் கிளப்பின் பெயரில் மயங்காதே, வாரா வாரம் உன்னைக் களத்தில் இறக்குவார்களா என்று பார். பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஸ்ட்ரைக்கருக்குக் கோல் எங்கிருந்து வரும், கோல் இல்லாமல் அடுத்த ஒப்பந்தம் எங்கிருந்து வரும்? நம்ம ஊர் ஸ்ட்ரைக்கர் இக்சான் ஃபாண்டி 2019இல் நார்வேயின் இரண்டாம் நிலை லீக்கில் ராவ்ஃபோஸ் கிளப்பில்தான் தொடங்கினார், அப்புறம் அதே நாட்டின் யெர்வ், பிறகு தாய்லாந்தின் பிஜி பத்தும் யுனைடெட். அவருடைய அப்பா ஃபாண்டி அகமது 1983இல் நெதர்லாந்தின் குரோனிங்கனுக்குப் போய் அதே ஆண்டு இண்டர் மிலானுக்கு எதிராகக் கோல் போட்டவர். நம்ம சுந்தரமூர்த்தி சுவிட்சர்லாந்தின் பாசலில் ஆடினார்.

சரி, முதல் கணக்கு சிங்கப்பூரின் கட்டாயத் தேசிய சேவை. 13 வயதான பையன் மூன்று மாதமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் தங்க எக்ஸிட் பெர்மிட் வாங்க வேண்டும். காற்பந்துக்காகச் சேவையைத் தள்ளிவைக்க விடுவார்கள் என்று நம்பித் திட்டம் போடாதே. 2018இல் இங்கிலாந்துக் கிளப்பான ஃபுல்ஹமில் ஒப்பந்தம் கிடைத்த பென் டேவிஸுக்கே மறுத்துவிட்டார்கள். ஃபிஃபா விதிப்படி 18 வயதுக்குக் கீழ் நாடு விட்டு நாடு மாறுவதும் சில விலக்குகளுக்குள்தான் முடியும்.

அடுத்தது வீடியோ. எல்லாரும் கோல்களை மட்டும் வெட்டி ஒட்டி, பாட்டுப் போட்டு அனுப்புகிறார்கள். அதோடு இரண்டு முழு ஆட்டங்களையும் சேர்த்து அனுப்பு, ஏனென்றால் பந்து உன் காலில் இல்லாத நேரத்தில் நீ என்ன செய்கிறாய் என்பதைத்தான் கோச் தேடுவார். டிஃபெண்டரின் முதுகுப் பக்கம், அவன் கண்ணில் படாத இடத்தில் நின்று, பக்கவாட்டிலிருந்து கிராஸ் வரும்போது அவன் பந்தைப் பார்க்கத் தலையைத் திருப்பும் அந்த ஒரு நொடியில் அவனுக்கு முன்னால் புகுந்து பந்து வரும் பக்கத்துக் கோல் கம்பத்துக்கு ஓடுகிறாயா? அந்த ஓட்டத்துக்குப் பந்து வராமலே போனாலும் அது வீடியோவில் இருக்கட்டும்.

ஏஜென்ட் ஃபிஃபா உரிமம் வைத்திருக்கிறாரா என்று கேள். ட்ரயலுக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அங்கேயே எழுந்து வந்துவிடு.

ஒப்பந்தத்தை வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டாமல் கையெழுத்துப் போடாதே. சொல்லும் சம்பளம் வரி பிடித்த பிறகா முன்பா, எந்த நாட்டுப் பணம், முழங்கால் போனால் சிகிச்சைச் செலவு யாருடையது, வீட்டு வாடகை, விமான டிக்கெட் எல்லாம் எழுத்தில் இருக்க வேண்டும், வாய்ப்பேச்சு உதவாது. இரண்டு மாதச் சம்பளம் முறையில்லாமல் நிலுவையில் நின்றால், குறைந்தது 15 நாள் கெடு கொடுத்து எழுத்தில் கேட்கலாம். அதற்கும் தராவிட்டால் ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள ஃபிஃபா விதி இடம் தருகிறது. ஆளில்லாத ஊரில் இது ஒன்றுதான் உனக்குத் துணை, அதனால் சம்பளச் சீட்டு, வங்கிக் கணக்கு அறிக்கை, மேனேஜர் அனுப்பிய வாட்ஸ்அப் எதையும் அழிக்காதே. ஒப்பந்தத்தின் நகல் ஒன்றை அம்மாவிடம் கொடுத்துவிட்டு விமானம் ஏறு.