அஞ்சறைப் பெட்டியிலிருந்தே ஒரு கீரைத் தோட்டம்

மாடித் தோட்டம் போடலாம் என்று நினைத்ததுமே பை, மண் கலவை, விதை பாக்கெட் என்று ரூபாயைக் கொட்டிவிட்டு, கத்திரி வெயிலில் எல்லாம் கருகியதும் மனசு விட்டுப்போகிறவர்கள் நிறைய பேர். முதல் மாதம் எதையும் வாங்காதீர்கள். வெந்தயத்தில் ஆரம்பியுங்கள், அது உங்கள் அஞ்சறைப் பெட்டியிலேயே இருக்கிறது.

இரண்டு கைப்பிடி வெந்தயத்தை ராத்திரி ஊறப்போட்டு, காலையில் வடித்து ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். மறுநாளோ அதற்கடுத்த நாளோ வெள்ளையாக முளை எட்டிப் பார்க்கும். உடைந்த பிளாஸ்டிக் டப், தெர்மாகோல் பெட்டி, பாதியாக மடித்த 25 கிலோ அரிசிச் சாக்கு, எதுவானாலும் சரி, அடியில் ஓட்டை மட்டும் கட்டாயம் வேண்டும். அரை அடி மண் போதும். முளையை நெருக்கமாகத் தூவி, மேலே மெல்லிசாக மண் போட்டு மூடி, தண்ணீரைக் கையால் தெளியுங்கள். சொம்பால் ஊற்றினால் விதை எல்லாம் அடித்துக்கொண்டு போய் ஒரு மூலையில் குவிந்துவிடும். 25 நாளுக்குள் கீரை தயார். பத்து நாள் இடைவெளியில் இரண்டாவது டப்பிலும் விதைத்துவிட்டால் கீரைக்காரரை எதிர்பார்க்க வேண்டியதில்லை.

கொத்தமல்லிக்கு முழு மல்லியைத் தரையில் போட்டு டம்ளர் அடியால் லேசாகத் தேய்த்தால் இரண்டாகப் பிளக்கும், அப்படியே விதைக்கலாம். முளைக்கப் பத்து நாள்கூட ஆகும், அதற்குள் மண்ணைக் கிளறிப் பார்க்காதீர்கள். கோடையில் இது சீக்கிரம் பூத்துவிடும், அதனால் மழைக்காலம் முடிந்து பனி தொடங்கும்போது போடுங்கள். புதினா, பொன்னாங்கண்ணி இரண்டுக்கும் விதையே வேண்டாம், இலையை ஆய்ந்தபின் மிஞ்சும் தண்டைத் தண்ணீரில் நிறுத்தினால் ஒரு வாரத்தில் வேர் விடும்.

அரிசி கழுவிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுங்கள். காய்த்தோலை உரத்துக்குப் போடலாம், ஆனால் பீர்க்கங்காய்த் தோலை மட்டும் போடாதீர்கள், துவையலுக்கு ஆகிற அதைப் போய் மண்ணுக்குக் கொடுப்பதா! காயை நறுக்கியதும் ஒரு துண்டை வாயில் போட்டுப் பாருங்கள். கசந்தால் முழுக்காயும் குப்பைக்குத்தான், சமைத்தாலும் அந்தக் கசப்பு போகாது, வயிற்றையும் கெடுக்கும். கசக்கவில்லை என்றால் நன்றாகத் தேய்த்துக் கழுவி, முற்றிய நரம்பை மட்டும் சீவி எறிந்துவிட்டு, மற்ற தோலைப் பொடியாக நறுக்குங்கள். ஒரு ஸ்பூன் எண்ணெயில் உளுந்தும் மூன்று மிளகாய் வற்றலும் சிவக்க வறுத்து எடுத்துவிட்டு, அதே சட்டியில் தோலைப் போட்டு, பச்சை வாடை போய்ச் சுருங்கும்வரை வதக்குங்கள். அவசரப்பட்டு இறக்கினால் துவையலில் நார் வாடை அடிக்கும். கோலி அளவு புளி, உப்பு சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்து, சுடுசாதத்தில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்தால் அன்றைக்குக் குழம்பே வேண்டாம். உள்ளே இருக்கும் காய் மறுநாள் கூட்டுக்கு ஆகும், ஒரே காயில் இரண்டு நாள் ஓடிவிடும்.

டப்பில் பறித்த வெந்தயக்கீரைக்கு அரை டம்ளர் பாசிப்பருப்பைக் குழையாமல் வேகவைத்து, பூண்டு தட்டிப்போட்டு, கீரையைக் கடைசியில் சேர்த்து ஐந்தே நிமிஷத்தில் இறக்குங்கள். உப்பை மட்டும் கீரை வதங்கியபிறகு போடுங்கள். சட்டி நிறையத் தெரியும் கீரை வெந்ததும் ஒரு பிடியாகச் சுருங்கிவிடும், முதலிலேயே அளந்து போட்டால் கரித்துப்போகும்.