‘மேற்கத்திய நாகரிகம்’ பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கிரேக்கம், ரோம், நடுவில் ஓர் இருண்ட காலம், மறுமலர்ச்சி, அறிவியல், ஜனநாயகம்: இந்த வரிசையைப் பள்ளியிலேயே மனப்பாடம் செய்துவிடுகிறோம். மேற்கைப் புகழ்கிறவர்களும் இதையே சொல்கிறார்கள், திட்டுகிறவர்களும் இதையே சொல்கிறார்கள். இது பின்னாளில் கோக்கப்பட்ட மாலை என்பதை இரு தரப்பும் மறப்பதுதான் முதல் தவறு.

அரிஸ்டாட்டில் ‘அரசியல்’ நூலில் என்ன சொன்னார்? ஐரோப்பாவின் குளிர்நாட்டு மக்களுக்கு வீரம் உண்டு, அறிவு குறைவு. ஆசியர்களுக்கு அறிவு உண்டு, வீரம் குறைவு. கிரேக்கர்கள் இருவருக்கும் நடுவே நிற்கிறவர்கள். அவரை ஐரோப்பாவின் தந்தையாக்கியது பிற்காலம். முதல் கிரேக்கத் தத்துவஞானி எனப்படும் தேலீஸ் வாழ்ந்த மிலேட்டஸ் நகரம் இன்றைய துருக்கியில் இருக்கிறது. கிறித்தவ ஐரோப்பாவும் ஒரே குடும்பமாக இருந்ததில்லை. 1204-இல் சிலுவைப் போர்வீரர்கள் சூறையாடியது கிரேக்க மொழி பேசிய கிறித்தவ நகரமான கான்ஸ்டான்டிநோபிளை. அங்கிருந்து கொண்டுபோன நான்கு வெண்கலக் குதிரைகள் இன்றும் வெனிஸில் இருக்கின்றன.

அரபு அறிஞர்கள் கிரேக்க அறிவைப் ‘பாதுகாத்து’ ஐரோப்பாவிடம் ஒப்படைத்தார்கள் என்பது அடுத்த தவறு. நல்லெண்ணத்தோடு சொல்லப்படுவதால் எளிதில் கண்ணில் படாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுவதால்தான் பார்க்கிறோம் என்று 2-ஆம் நூற்றாண்டுக் கிரேக்க அறிஞர் தாலமி கருதினார். பாஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதம் அதை மறுத்தார்; தாலமியின் குறைகளை அடுக்கித் தனி நூலே எழுதினார். இதுவா காவல்காரர் வேலை? 12-ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் கிரெமோனாவைச் சேர்ந்த ஜெரார்டு, தாலமியின் வானியல் நூலைத் தேடி ஸ்பெயினின் டொலேடோவுக்குப் போய், அரபு கற்று, 70-க்கும் மேற்பட்ட நூல்களை லத்தீனில் பெயர்த்தார். ஆகவே அறிவியல் மேற்கின் சொத்து, ‘அவர்களுடையது’ என்று ஒதுக்குகிறவரும் அதே பழைய கதையைத்தான் நம்புகிறார்.

மூன்றாவது, கண்ணின் தவறு. கிரேக்கச் சிலை என்றாலே வெள்ளைச் சலவைக்கல்தான் நினைவுக்கு வருகிறது. உண்மையில் அவற்றுக்குச் சிவப்பும் நீலமும் பூசியிருந்தார்கள். மழையும் வெயிலும் அரித்த பிறகு மிஞ்சிய வெண்மையை, 18-ஆம் நூற்றாண்டில் ஜெர்மன் கலை வரலாற்றாசிரியர் விங்கெல்மான் அழகின் இலக்கணமாக்கினார். அதன் விளைவு கொடுமையானது. 1937-38-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் ஏதென்ஸின் பார்த்தெனான் கோயில் சிற்பங்கள் சிலவற்றைச் செப்புக் கருவிகளாலும் கார்போரண்டம் என்னும் தேய்ப்புப் பொருளாலும் சுரண்டினார்கள். கல்லில் படிந்திருந்த தேன்நிறத்தை நீக்கி வெளுப்பாக்குவதற்காக! 2009-இல் அங்கேயே அகச்சிவப்பு ஒளியைப் பதியும் கேமரா வழியாகப் பார்த்தபோது, பார்த்தெனானின் ஐரிஸ் தேவதைச் சிலையின் இடைக்கச்சையில் எகிப்திய நீலம் ஒளிர்ந்தது. பெயரே சொல்வதுபோல், எகிப்தில் தோன்றிய நிறமி அது.

கிரேக்கத்தில் தொடங்கும் இந்த வரிசை எப்போது பாடமாயிற்று என்று கேட்காமல் விடுவதும் தவறுதான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகம் மேற்கின் நாகரிகம் பற்றிய கட்டாயப் பாடத்தை 1919-இல் தொடங்கியது. முதல் உலகப்போரில் எதற்காகப் போரிடுகிறோம் என்று பயிற்சிப் படை மாணவர்களுக்கு விளக்க வைத்த வகுப்புதான் அதன் முன்னோடி.

கடைசித் தவறு நம் கைப்பேசிகளில் சுற்றுகிறது. ‘இந்தியா முழுவதும் பயணம் செய்தேன், ஒரு பிச்சைக்காரனையும் திருடனையும் காணவில்லை’ என்று 1835 பிப்ரவரி 2 அன்று மெக்காலே பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் பேசியதாக ஒரு செய்தி. தயவுசெய்து இதைப் பகிராதீர்கள். அன்று அவர் லண்டனிலேயே இல்லை, கல்கத்தாவில் இருந்தார். அதே தேதியிட்ட அவருடைய கல்விக் குறிப்பு உண்மையானது, அதுவே போதும். நல்ல ஐரோப்பிய நூலகம் ஒன்றின் ஓர் அலமாரித் தட்டு, இந்தியா, அரேபியா இரண்டின் இலக்கியம் முழுவதற்கும் ஈடு என்பதை மறுப்பவர் எவரையும் தாம் கண்டதில்லை என்று அதில் எழுதினார். தமக்குச் சமஸ்கிருதமோ அரபியோ தெரியாது என்பதையும் அதே குறிப்பில்தான் எழுதினார்.