லேண்டிங் கியரைக் கழற்றி மாட்டும்போது

விமானத்தின் சக்கரத் தொகுதியான லேண்டிங் கியர் வேலை கைக்கு வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். கையிலிருக்கும் மேனுவல் பக்கம் நடப்புத் திருத்தம்தானா, இந்த விமானத்துக்குப் பொருந்துமா என்று முதலில் பாருங்கள். பழகிய வேலை என்று நினைவிலிருந்து செய்பவர்கள் பக்கத்தில்தான் நான் அதிக நேரம் நிற்பேன்.

கழற்றும்போதே போல்ட் எந்தப் பக்கத்திலிருந்து நுழைந்திருந்தது, வாஷர் வரிசை என்ன, எந்தக் குழாய் எங்கே போனது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். குழாய்களுக்குச் சீட்டுக் கட்டுங்கள். ஆனால் முன்பு மாட்டியவரே தவறியிருக்கலாம். ஆகவே மாட்டும்போது மேனுவல் சொல்வதுதான் கணக்கு.

அப்புறம் ஓ-ரிங், அதாவது எண்ணெய் கசியாமல் அடைக்கும் ரப்பர் வளையம். இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை. வெளியே வந்த பழையவற்றை ஒரு தட்டில் எண்ணி வையுங்கள். ஒன்று குறைந்தால், அது கிடைக்கும்வரை ஆக்சுவேட்டரை (கியரை மடக்கி இறக்கும் ஹைட்ராலிக் உருளையை) மூடக்கூடாது. 2007 அக்டோபரில் எஸ்ஏஎஸ் என்ற ஸ்காண்டிநேவிய விமான நிறுவனத்தின் டேஷ் 8 விமானம் வலது கியர் இறங்காமலே கோபன்ஹேகனில் தரை தொட்டது. இடம் மாறிப்போன ஒரு ஓ-ரிங், ஆக்சுவேட்டர் வால்வின் சிறு துளையை அடைத்திருந்தது. அவ்வளவு சின்னப் பொருள்!

நட்டு இறுக்க மேனுவல் தரும் அளவு உலர்ந்த திருகு மரைக்கா, எண்ணெய் பூசியதற்கா என்று பார்த்து இறுக்குங்கள். நட்டு கழலாமல் தடுக்கும் காட்டர் பின்னைப் புதிதாகப் போடுங்கள். ஷிஃப்ட் மாறும்போது பாதி இறுக்கிய நட்டு முழுதாக இறுக்கியது போலவே தெரியும். அதனால் எதுவரை முடிந்தது என்பதை எழுதியே ஒப்படையுங்கள்.

விமானம் நிற்கும்போது கியர் மடங்காமல் தடுக்கச் செருகும் பூட்டுப் பின், ஒரு துளைக்குள் போய்விட்டது என்பதாலேயே அது சரியான துளை ஆகிவிடாது. 2021 ஜூனில் லண்டன் ஹீத்ரோவில் நின்றிருந்த போயிங் 787 ஒன்றில், மூக்குக் கியரின் பூட்டுப் பின்னை அதன் துளையில் போடாமல் அருகிலிருந்த வேறு துளையில் போட்டிருந்தார்கள். சோதனைக்காக விமானி அறையிலுள்ள கியர் லீவரை மேலே தள்ளியதும் கியர் மடங்கி, மூக்கு தரையில் விழுந்தது. லீவரைத் தொடப்போகிறவர் தானே இறங்கிப் போய் ஒவ்வொரு பின்னையும் பார்த்துவிட்டு வரட்டும்.

மூடிகளைப் போடும் முன், அந்த வேலையில் கை வைக்காத இன்னொருவர் முழுவதையும் பார்க்க வேண்டும். பிறகு ஜாக்கில் ஏற்றி, பூட்டுப் பின்களை எடுத்து, ஆட்களை விலக்கி, கியரை மடக்கி இறக்குங்கள். அவசரகால முறையிலும் இறக்கிப் பாருங்கள். குழாய் இழுபடுகிறதா, கதவு உரசுகிறதா என்று வெளியிலிருந்து ஒருவர் கவனிக்கட்டும். ஒரு பக்கக் கியர் தயங்கி இறங்கினால், கியர் இறங்கிப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் மூன்று பச்சை விளக்கும் எரிந்தாலும் காரணம் தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.