பனி மூடிய பின்வளவில் நாம் செய்யும் தவறுகள்

கனடாவின் டொரன்டோ மாநகரைச் சேர்ந்த ஸ்காபரோவில் ஹைலண்ட் கிரீக் ஓடையை ஒட்டிய பகுதிகளில் வீட்டுத்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு, நவம்பர்க் கடைசியில் வெளிக்குழாயை அடைத்து, மண்வெட்டியைக் கழுவிக் கராஜில் சாத்திவைத்ததும், அந்த ஆண்டின் தோட்டவேலை முடிந்துவிட்டது என்ற நிம்மதி வந்துவிடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் இருந்தேன். ஆனால் ஏப்ரலில் பனி கரைந்தபின், பட்டுப்போய் நிற்கும் செடிகளையும் மரங்களையும் ஒவ்வொன்றாக ஆராய்ந்து பார்த்தபோது, குளிர் நேரடியாகக் கொன்றவை மிகச் சிலவே என்பதும், மற்றவை எல்லாம் டிசம்பருக்கும் மார்ச்சுக்கும் இடையில் நான் செய்த, அல்லது செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றால் போனவை என்பதும் தெரியவந்தன. அந்த நான்கு மாதமும் பின்வளவு வெறுமையாகக் கிடப்பதில்லை. முயலும் எலியும் அணிலும் ரக்கூனும் பறவைகளும் அங்கேதான் இருக்கின்றன. நாம்தான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறோம்.

பனியைத் தோட்டத்தின் பகையாக நினைப்பதிலிருந்துதான் பல பிழைகள் தொடங்குகின்றன. புதிதாக விழுந்த பனியின் கன அளவில் பெரும்பகுதி காற்றுத்தான். அதனால் அது பஞ்சுப் போர்வையைப் போல வேலை செய்கிறது. வெளியே வெப்பநிலை மைனஸ் 20 பாகைக்கு இறங்கினாலும், 20, 30 செ.மீ. பனி மூடிய மண் பூச்சியத்தை ஒட்டியே நிற்கும். ஒக்டோபரில் நட்ட உள்ளிப்பற்களும், மண்ணுக்குள் ஒடுங்கிக் கிடக்கும் பூச்செடிகளின் வேர்களும் அந்தப் போர்வையின் கீழேதான் பிழைக்கின்றன. எனவே, பாத்திகளின் மேலிருக்கும் பனியை "வெயில் படட்டும்" என்று வாரி அகற்றுவது செடியின் போர்வையை உருவுவதற்குச் சமம். பனியே விழாமல் குளிர் மட்டும் கடுமையாக இருக்கும் கிழமைகளில், மண் இரவில் உறைந்து பகலில் இளகி, வேர்களை மேல்நோக்கித் தள்ளிவிடுகிறது. உண்மையில் அஞ்ச வேண்டியது அந்தக் கிழமைகளுக்குத்தான். வைக்கோல், உலர்ந்த இலை போன்ற மூடாக்கை அதற்காகவே போடுகிறோம். ஆனால் மண் உறைவதற்கு முன்பே அவசரப்பட்டுப் போட்டால் எலிகளுக்கு நாமே கூடு கட்டிக் கொடுத்தவர்களாகிவிடுவோம்.

அடிமரத்தைக் காவலின்றி விடுதல்

2022 ஜனவரி 17ஆம் திகதி டொரன்டோவில் ஒரே நாளில் 30 செ.மீ.க்கும் மேல் பனி கொட்டி, நெடுஞ்சாலைகள்கூட மூடப்பட்டன. அன்று ட்ரைவ்வேயிலிருந்து வாரிய பனியை எல்லாம், வேறு இடமில்லாமல், வேலியோரம் நின்ற என்னுடைய நான்கு வயது ஆப்பிள் மரத்தைச் சுற்றிக் குவித்தேன். அந்த மரத்தின் தண்டுக்கு முழங்கால் உயரத்தில் பிளாஸ்டிக் சுருள் ஒன்று கட்டியிருந்தேன். அது போதும் என்றே நம்பினேன். ஏப்ரல் முதல் கிழமையில் பனி வற்றியபோது, அந்தச் சுருளுக்கு மேலே என் இடுப்பளவு உயரத்தில் பட்டை உரிந்து, மஞ்சள் கலந்த வெள்ளை மரம் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. பென்சில் பருமனான கிளை நுனிகள் கத்தியால் சீவியதுபோலச் சாய்வாக வெட்டப்பட்டிருந்தன. சுருளைக் கழற்றிப் பார்த்தால் அதனுள்ளும் மண்ணை ஒட்டி, நான்கு விரல் அகலத்துக்குப் பட்டை சுற்றிவர இல்லாமல் போயிருந்தது.

இரண்டும் இரண்டு விலங்குகளின் வேலை. மேலே தின்றது முயல். நான் குவித்த பனியே அதற்குப் படிக்கட்டாகிவிட்டது. முயல் கடித்த நுனி நேர்த்தியான சாய்வாக இருக்கும்; மானுக்கு மேல் முன்வரிசைப் பற்கள் இல்லாததால் அது இழுத்துப் பிய்த்த நுனி நார்நாராகத் தொங்கும். கீழே கொறித்தது வோல் என்னும் குட்டைவால் எலி. அதன் பல்தடம் ஊசியால் கீறியதுபோல மிகச் சிறியது, ஒரே திசையில் இல்லாமல் தாறுமாறாக ஓடும். இந்த எலி குளிர்காலத்தில் தூங்குவதில்லை. மண்ணுக்கும் பனிக்கும் இடையில் சுரங்கம் அமைத்து, பருந்தின் கண்ணுக்கும் நரியின் கண்ணுக்கும் அகப்படாமல் அங்கேயே உண்டு உறங்குகிறது. பனி கரைந்ததும் புல்தரையில் பாம்பு ஊர்ந்ததுபோல வளைந்து வளைந்து தெரியும் தடங்கள் அந்தச் சுரங்கங்களின் அடித்தளங்கள்.

இலைகள் சமைத்த உணவை வேருக்கு இறக்கும் திசு பட்டையின் உட்புறத்தில்தான் இருக்கிறது. ஒரு பக்கம் மட்டும் உரிந்தால் மரம் தேறிவிடலாம். சுற்றிவர உரிந்தால் வேர் பட்டினி கிடக்கும். இது உடனே வெளியே தெரியாது. அந்த ஆண்டு மே மாதத்தில் என் மரம் வழக்கம்போலப் பூத்தது. அதைப் பார்த்துத் தப்பிவிட்டது என்று மகிழ்ந்தேன். ஜூலையில் இலை சுருங்கி, செப்டம்பருக்குள் பட்டுவிட்டது. காயத்துக்கு மேலும் கீழும் இருக்கும் பட்டையை அதே மரத்தின் குச்சிகளால் பாலம்போல இணைத்து ஒட்டுவதன் மூலம் காப்பாற்ற முடியும் என்பதை நான் அறிந்தபோது, அதற்குரிய வசந்தகாலம் கடந்துவிட்டிருந்தது.

ஆகவே சுருளை நம்பாதீர்கள். ஆறு மில்லிமீட்டர் சதுரக்கண் கொண்ட கம்பிவலையை, தண்டைத் தொடாமல், உள்ளே கைவிரல்கள் நுழையும் இடைவெளி விட்டு, அடியை ஐந்து செ.மீ. மண்ணுக்குள் புதைத்து நிறுத்துங்கள். அதன் உயரத்தைத் தரையிலிருந்து அளக்காமல், உங்கள் வளவில் பனி எவ்வளவு உயரத்துக்குச் சேரும் என்பதை நினைவில் கொண்டு, அதற்கு மேல் இன்னும் 60 செ.மீ. இருக்கும்படி வையுங்கள். மரத்தடியில் மூடாக்கை மலைபோலக் குவிக்காமல் தண்டைச் சுற்றி ஒரு சாண் வெறுமையாக விடுங்கள். பெரும்பனி விழுந்த மறுநாள் பூட்ஸுடன் சென்று மரத்தைச் சுற்றியுள்ள பனியை மட்டும் நன்றாக மிதித்து இறுக்கிவிடுங்கள். இறுகிய பனியில் எலியால் சுரங்கம் போட முடியாது. பாத்திகளின் மேல் அப்படி மிதிக்கக் கூடாது. புளூபெரி, ரோஜா, இளம் பேரி மரம் ஆகியவற்றுக்கும் இதே காவல் வேண்டும்.

எலிக்கு நஞ்சு வைப்பதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். குருதி உறைவதைத் தடுக்கும் நஞ்சைத் தின்ற எலி உடனே சாவதில்லை. சில நாட்கள் தள்ளாடித் திரியும். அப்படித் திரியும் எலியைத்தான் ஆந்தையும் பருந்தும் எளிதாகப் பிடிக்கின்றன. நஞ்சு அவற்றின் உடலுக்கும் போய்ச் சேர்கிறது. நம் தோட்டத்து எலிகளைக் காலமெல்லாம் கட்டுப்படுத்திவரும் பறவையை நாமே கொல்வதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

உப்பும் சவளும்

வாசல் பனியை இளக்கப் போடும் உப்பு, சமையலறை உப்பைப் போலச் சோடியம் குளோரைட்டுத்தான். அது மண்ணின் பொலபொலப்பைக் கெடுத்து, வேர் நீரை உறிஞ்சுவதையும் தடுக்கிறது. தெருவோரங்களில் சீடர் மரங்களாலான உயிர்வேலிகள் வசந்தத்தில் தெருப்பக்கம் மட்டும் செம்பழுப்பாகக் காய்ந்து நிற்பதற்கு, வாகனங்கள் இறைக்கும் உப்புநீர் ஒரு முக்கிய காரணம். உப்புக் கலந்த பனியைப் பூப்பாத்திக்குள் வாரிப் போடாதீர்கள். மைனஸ் 10 பாகைக்குக் கீழே இந்த உப்பு பெரும்பாலும் வேலை செய்வதும் இல்லை. அத்தகைய நாட்களில் மணல் தூவினால் கால் வழுக்காது, செடிக்கும் கேடில்லை.

சீடர், ஜூனிப்பர் போன்றவற்றின் கிளைகள் பனிப்பாரத்தில் வளைந்தால் பனி வாரும் சவளால் அடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். ஈரப்பனி பொலபொலவென்று இருக்கும்போதே, தும்புத்தடியால் கீழிருந்து மேலாக மெதுவாகத் தட்டிவிட்டால் போதும். உறைமழையால் கிளை கண்ணாடிபோல உறைந்திருந்தால் தொடவே கூடாது. 2013 டிசம்பரில் டொரன்டோவைத் தாக்கிய உறைமழையின்போது, எங்கள் தெருவில் பனிக்கட்டியை உடைக்கப் போய் மரக்கிளையையே உடைத்தவர்கள் உண்டு; தொடாமல் விட்ட கிளைகளில் பல, கட்டி இளகியதும் தாமாகவே நிமிர்ந்தன. வேலியைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றுவதையும் தவிருங்கள். வெயில் நாளில் உள்ளே சூடேறி இரவில் உறையும். சாக்குத் துணி நல்லது.

காகத்துக்கு வைக்கும் சோறு

எங்கள் ஆட்களின் வீடுகளில் மட்டும் காணப்படும் பிழை இது என்பதால் சற்று விரிவாக எழுதுகிறேன். என் அம்மா சனி விரத நாட்களில் வாழையிலைத் துண்டில் சோறும் பருப்பும் வைத்து, பின்வளவின் பனிமேல் கொண்டுபோய் வைத்துவிட்டு வருவார். "காகத்துக்கு வைக்காமல் நாங்கள் எப்பிடிச் சாப்பிடுறது, பிள்ளை?" என்று அவர் கேட்டபோது என்னிடம் மறுமொழி இல்லை. காகம் வந்த நாட்கள் குறைவு. மறுநாள் காலையில் பனியில் பதிந்திருந்த தடங்களே யார் உண்டார்கள் என்பதைச் சொல்லின: சிறு குழந்தையின் உள்ளங்கை போன்ற ரக்கூன் தடம், வீட்டின் பின்புற மரத்தளமான டெக்குக்கு அடியிலிருந்து வரிசையாக வந்துபோன எலித்தடம், ஒருமுறை ஓடைப்பக்கமிருந்து நேர்கோட்டில் வந்த, நரி போன்ற கொயோட்டியின் தடம்.

டொரன்டோ மாநகரின் துணைவிதி 2023 ஏப்ரல் 1 முதல், சொந்த வளவிலும் காட்டு விலங்குகளுக்கு உணவிடுவதைத் தடைசெய்கிறது. பாடும் பறவைகளுக்காகத் தரைக்கு மேலே தொங்கவிட்டு, துப்புரவாகப் பேணும் தீனித்தொட்டிக்கு விலக்கு உண்டு. சட்டம் ஒருபுறமிருக்க, உப்பிட்ட சோறும் பாணும் மிக்சரும் பறவை குளிரைத் தாங்க உதவும் உணவுகள் அல்ல. கறுத்தத் தலைச் சிக்கடீ என்னும் சிறு பறவையின் எடை பத்துப் பன்னிரண்டு கிராம்தான். நீண்ட உறைபனி இரவுகளில் அது தன் உடல் வெப்பத்தையே பல பாகை தாழ்த்திக்கொண்டு, பகலில் சேர்த்த கொழுப்பை எரித்து விடியும்வரை உயிர்தரிக்கிறது. அதற்குத் தேவை கொழுப்பு நிறைந்த கறுப்புச் சூரியகாந்தி விதையும் மாட்டுக் கொழுப்புக் கட்டியும்.

அம்மாவிடம் சட்டத்தைச் சொல்லிப் பயனில்லை. தீனித்தொட்டி ஒன்றைத் தொங்கவிட்டு, அதற்கு முதலில் வந்த நீலநிறக் கொண்டைப் பறவையைக் காட்டி, இந்தப் புளூ ஜேயும் காக்கைக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான் என்றேன். அது உண்மை. அவர் கண்ணாடிக்கு அருகே நின்று நெடுநேரம் பார்த்தார். இப்போது சனிக்கிழமைகளில் குளித்துவிட்டு வந்து, ஒரு கை விதையைத் தொட்டியில் இட்டபின்தான் சாப்பிட உட்காருகிறார்.

தொட்டியைக் கழுவாமல் விடுவது உணவிடாமல் இருப்பதைவிடக் கெடுதியானது. ஈரத்தில் பூசணம் பிடித்த விதையாலும் எச்சத்தாலும் சால்மொனெல்லா என்னும் நோய்க்கிருமி பரவும். பிஞ்ச் பறவைகளின் கண்ணை வீங்கவைத்துக் குருடாக்கும் தொற்றும் தொட்டிகளில் கூடும்போது பரவுகிறது. இரண்டு கிழமைக்கு ஒருமுறை ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, நன்றாக அலசி, உலரவைத்தபின் விதையை இடுங்கள். தொங்கவிடும் இடமும் முக்கியம். யன்னலுக்கு ஒரு மீட்டருக்குள் தொங்கவிட்டால், பதறிப் பறக்கும் பறவைக்கு வேகம் பிடிக்க இடமிருக்காது. இல்லையேல் பத்து மீட்டருக்கு அப்பால் கொண்டுபோங்கள். இடைப்பட்ட தூரமே ஆபத்தானது. கண்ணாடியின் வெளிப்புறத்தில் ஐந்து செ.மீ. இடைவெளியில் புள்ளிகள் ஒட்டினால் மோதல் பெருமளவு குறையும்; ஒற்றைப் பருந்துப் படம் ஒட்டுவதால் பயனில்லை.

டெக்கின் அடியில்

டெக்கின் கீழே துளை தெரிந்ததும், குளிரில் யார் இருக்கப்போகிறார்கள் என்று கல்லை வைத்து அடைத்துவிடாதீர்கள். ரக்கூனும் ஸ்கங்க்கும் முழுமையான குளிர்கால உறக்கத்துக்குப் போவதில்லை. கடுங்குளிரில் நாட்கணக்கில், சிலவேளை கிழமைக்கணக்கில் படுத்திருந்து, சற்றே இளஞ்சூடான இரவில் எழுந்து வெளியே வரும். துளையில் செய்தித்தாளைக் கசக்கி இலேசாகச் செருகி, பனி இளகும் இரவுகள் மூன்று கழிந்தும் அது அசையாமல் இருந்தால்தான் உள்ளே எவரும் இல்லை என்று கொள்ளலாம். கடுங்குளிர் நாட்களில் தாள் அசையாதிருப்பது எதற்கும் சான்றாகாது. கூண்டில் பிடித்துத் தொலைவில் விடுவதும் தீர்வல்ல. ஒன்டாரியோ விதிப்படி பிடித்த இடத்திலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள்தான் விட வேண்டும். பழகிய குழியும் உணவிடமும் இழந்த விலங்கு நடுக்குளிரில் பிழைப்பது அரிது. உள்ளே விலங்கு இருந்தால், குட்டிகள் வளர்ந்து தாயுடன் புறப்பட்டபின் கம்பிவலையை மண்ணுக்குள் புதைத்து அடைப்பதே முறை.

அவசரமான துப்புரவு

இலையுதிர்காலத்திலேயே எல்லாத் தண்டுகளையும் வெட்டி, இலைகளை வாரிப் பைகளில் கட்டித் தெருவோரம் வைப்பது அழகான தோட்டத்தின் அடையாளமாகக் கருதப்படுகிறது. ஆனால் கோன்பிளவர்ப் பூச்செடியின் காய்ந்த தலைகளை விட்டுவைத்தால் கோல்ட்பிஞ்ச் பறவை தலைகீழாகத் தொங்கி விதை பொறுக்கும். உதிர்ந்த இலைகளுக்கிடையே அந்துப்பூச்சிக் கூடுகள் கிடக்கும். மண்ணில் ஒரு சில அங்குல ஆழத்தில் பம்பிள் தேனீயின் இளம் ராணி தனியாக உறங்குவாள். மார்ச்சில் ஒரு வெயில் நாளைக் கண்டு மயங்கி இவற்றைக் கிளறக் கூடாது. பகல் வெப்பம் தொடர்ந்து பத்துப் பாகையைத் தாண்டும்வரை பொறுத்திருந்து, அதன்பின்னும் தண்டுகளை அடியோடு வெட்டாமல் 30 செ.மீ. விட்டு வெட்டுங்கள்.

மூன்று ஆண்டுகளுக்கு முன் மார்ச் நடுவில் பொறுக்கமாட்டாமல் காய்ந்த ராஸ்பெரித் தண்டு ஒன்றை வெட்டினேன். தக்கைபோன்ற நடுப்பகுதி குடைந்து குழாயாக்கப்பட்டிருந்தது. அதனுள் எறும்பளவே பெரிய, கருநீலமாக மினுங்கும் நான்கு சிறு தேனீக்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தலை வைத்து அசைவற்றுக் கிடந்தன. வெட்டிய துண்டை நிமிர்த்திப் பிடித்து, எஞ்சிய தண்டோடு சேர்த்து நூலால் கட்டி, வேலியின் நிழலில் சாய்த்து வைத்தேன். மே மாத இரண்டாம் கிழமையில் டாண்டிலியன் பூத்தபோது போய்ப் பார்த்தேன். குழாய் காலியாக இருந்தது; வாயருகே மாவுபோலச் சிறிது தக்கைத்தூள் உதிர்ந்து கிடந்தது.