கடை வாசலோடு நின்றுவிடும் சிக்கனம்

காய்கறிக்காரரிடம் ஐந்து ரூபாய்க்குக் கறாராகப் பேரம் பேசுகிறவர்கள்கூட, இருபதாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கிய சலவை இயந்திரம் இரண்டே மாதத்தில் பழுதானால், கடைக்காரர் சொல்லும் சமாதானத்தைக் கேட்டுக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார்கள். சிறுகச் சிறுகச் சேர்த்த மிச்சமெல்லாம் இந்த ஒரு மௌனத்தில் கரைந்துபோகிறது.

இத்தவறு பெரும்பாலும் பணம் கொடுக்கும்போதே தொடங்குகிறது. பில் வேண்டாமென்றால் ஜிஎஸ்டி மிச்சம் என்ற பேச்சுக்கு இணங்குகிறவர், வரியோடு சேர்த்து உத்தரவாதத்தையும், அந்தக் கடையில்தான் வாங்கினோம் என்பதற்கான சான்றையும் இழக்கிறார். 2020 ஜூலையில் நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பில் தராமல் இருப்பதையே நியாயமற்ற வணிக நடைமுறைகளுள் ஒன்றாக வைத்திருக்கிறது. பில்லை வாங்கினாலும் வேலை முடிந்துவிடுவதில்லை. வெப்பத்தாளில் அச்சான எழுத்து சில மாதங்களில் மங்கிவிடும் என்பதால், அன்றே அதைப் படமெடுத்து வைத்துக்கொள்ள வேண்டும்.

‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்ற பலகையைச் சட்டமாகவே எடுத்துக்கொள்வது அடுத்த தவறு. குறைபாடுள்ள பொருளை, பில்லில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், அப்படி எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாட்களுக்குள்ளும் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பதும் அதே சட்டத்தின்படி நியாயமற்ற நடைமுறைதான். ஆனால் புடவையின் நிறம் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை என்பது குறைபாடு ஆகாது; அங்கே மாற்றித் தருவது கடைக்காரரின் தயவு.

அதிகபட்ச சில்லறை விலையில் எல்லா வரிகளும் அடக்கம். குளிர்பானத்துக்குக் ‘கூலிங் சார்ஜ்’ கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் சட்டமுறை எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். பெரிய பாக்கெட் என்றாலே மலிவு என்று நம்பி எடுப்பதும் வீண்செலவாகலாம்; இப்போது பெரும்பாலான பாக்கெட்டுகளில் ஒரு கிராமுக்கோ மில்லி லிட்டருக்கோ என்ன விலை என்பதும் அச்சிடப்பட்டிருப்பதால், அதை ஒப்பிட்டுப் பார்த்தே எடுக்கலாம்.

மிகுந்த இழப்பைத் தருவது வாய்ப்பேச்சை நம்பியே காலம் கடத்துவதுதான். ‘அடுத்த வாரம் ஆள் வருவார்’ என்ற பதிலுக்கு எந்தப் பதிவும் இருக்காது. பழுதுபார்க்கக் கொடுக்கும்போது தேதியும் குறையும் எழுதிய சீட்டைக் கேட்டு வாங்க வேண்டும். மூல பில்லைக் கொடுக்காமல் நகலைத் தர வேண்டும். தொலைபேசியில் சொன்னதை மின்னஞ்சலிலும் எழுதிவிட வேண்டும். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915 நிறுவனத்தோடு பேசித் தீர்க்க உதவுமே தவிர, தீர்ப்பு வழங்காது. அங்கே புகார் பதிவாகிவிட்டது என்று காத்திருந்தால், குறை எழுந்த நாளிலிருந்து வழக்குத் தொடுப்பதற்கான இரண்டு ஆண்டுக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும்.

இத்தகைய வழக்குகளை விசாரித்துத் தீர்ப்பு வழங்கும் நுகர்வோர் ஆணையம் என்றதும் வக்கீல் செலவை எண்ணிப் பின்வாங்குவதற்கும் காரணமில்லை. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணமே கிடையாது. வக்கீல் இல்லாமல் தாமே வாதிடலாம். பெங்களூரு விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்கிய பொருளுக்குத் திருநெல்வேலியில் வசிப்பவர் தம் மாவட்ட ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். அப்போது நான்காயிரம் ரூபாய் மிக்சிக்கு மன உளைச்சல் என்று பத்து லட்சம் கேட்பதைத் தவிர்ப்பது நல்லது. பொருளின் விலை, அலைந்த செலவு, நியாயமான இழப்பீடு ஆகியவற்றைத் தனித்தனியே எழுதி, ஒவ்வொன்றுக்கும் உள்ள சான்றை இணைத்தால் போதும்.