மூன்று நிமிடக் கார்ட்டூனும் ஒரு லைன் சூப்பர்வைசரும்

திருப்பூர் பனியன் கம்பெனிகளில் சூப்பர்வைசர்களுக்குப் பயிற்சி நடத்துவதுதான் என் பிழைப்பு. முன்பெல்லாம் 'நல்ல தலைவரின் பத்துப் பண்புகள்' என்று ஸ்லைடு போட்டுப் பேசிக்கொண்டிருந்தேன். மதியச் சாப்பாடு முடிந்து, ஃபேனுக்கு அடியில் உட்கார்ந்தவர்கள் மூன்றாவது பண்புக்குள் தூங்கிவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், எனக்கே தூக்கம் வரும்.

அப்புறம் வீடியோவுக்கு மாறினேன். ஒரு கம்பெனியில் அங்கே வேலை செய்பவர்களையே நடிக்க வைத்து எடுத்தோம். கட்டிங் மாஸ்டர் ஒருவர் கத்துகிற சூப்பர்வைசராக நடித்தார், பிரமாதமாக. படம் போட்ட மறுநாளிலிருந்து அவரைப் பார்த்தால் எல்லோருக்கும் சிரிப்பு. பாடத்தை ஒருவரும் பேசவில்லை, அவரைத்தான் பேசினார்கள். வரைந்த பொம்மைக்கு வந்ததே அதற்குப் பிறகுதான். பொம்மைக்குச் சொந்தக்காரர் கிடையாது. 'இவன் செய்தது தப்பு' என்று பொம்மையைப் பார்த்து யார் வேண்டுமானாலும் தைரியமாகச் சொல்லலாம்.

ஆனால் பொம்மையும் மாட்டிவிடும். என் முதல் கார்ட்டூனில் மேனேஜருக்குத் தடித்த மீசையும் சட்டைப் பையில் இரண்டு பேனாவும் வைத்தோம். போட்டுக் காட்டிய இடத்து மேனேஜருக்கு அதே மீசை, அதே இரண்டு பேனா. அறை முழுக்கச் சிரிப்பு, அவர் எழுந்து போய்விட்டார். அதிலிருந்து வரைவதற்கு முன்னால் ஒரு முறை தையல் நடக்கும் ஃப்ளோரைச் சுற்றி வந்துவிடுவேன். பாத்திரத்தின் பெயரையும் சம்பளப் பட்டியலோடு ஒத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். 'செல்வி' என்று வைத்தால் எந்த லைனிலும் நாலு செல்வி இருப்பார்கள்.

இப்போது கதை. 'தலைமை' என்று தொடங்காதீர்கள். முடிவெடுக்க வேண்டிய ஒரே ஒரு நிமிஷத்தைத் தேடிப் பிடியுங்கள். நான் அதிகம் பயன்படுத்தும் கதை இது: மாலை 4 மணி. துணி ஓரம் தைக்கும் ஓவர்லாக் மெஷினில் இருக்கும் மரகதம் எழுந்து வருகிறாள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று போன் வந்திருக்கிறது, போக வேண்டும். சூப்பர்வைசர் கதிரேசன் போர்டைப் பார்க்கிறான். அந்த மணிக்கு டார்கெட் 80 பீஸ், வந்தது 61. ராத்திரி சரக்கு கன்டெய்னரில் ஏற வேண்டும். அவன் பதில் சொல்லவில்லை, பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறான். டக், டக். படம் அங்கேயே நின்றுவிடும்.

கதையில் யாரும் கெட்டவன் இல்லை என்பதைக் கவனியுங்கள். இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. கதிரேசனை வில்லனாக்கினால் பார்க்கிறவர்கள் 'நான் இப்படி இல்லையப்பா' என்று தப்பித்துக்கொள்வார்கள். முதல் படத்தில் நான் அதைத்தான் செய்தேன், கடைசியில் ஒரு பெரியவர் வந்து அறிவுரை வேறு சொன்னார். ஒன்பது நிமிஷப் படம். இப்போது மூன்றைத் தாண்டுவதில்லை.

மூன்று நிமிஷத்துக்கு நொடிக்கு 24 ஃப்ரேம், அதாவது 24 அசையாப் படம், என்றால் 4,320 ஃப்ரேம். ஒரு படத்தை இரண்டு ஃப்ரேமுக்கு நிறுத்தினாலும் 2,160 படங்கள் வரைய வேண்டும். நம்மால் ஆகாது. அதனால் தலை, கை, முழங்கை எல்லாவற்றையும் தனித்தனியாக வரைந்து, மூட்டில் இணைத்து அசைப்பதுதான் வழி. கன்னியாகுமரிப் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தில் காலகாலமாகச் செய்கிற வேலைதான், இங்கே திரைக்குப் பதில் கம்ப்யூட்டர். ஓபன்டூன்ஸ் மென்பொருளை 2016 முதல் இலவசமாகவே தருகிறார்கள், பிளெண்டரும் இலவசம். இரண்டையும் கற்றுக்கொள்ளப் பொறுமை வேண்டும். என்னோடு வேலை செய்யும் தம்பிதான் அதைப் பார்த்துக்கொள்கிறான், நான் கம்ப்யூட்டரைத் தொடுவதில்லை.

நான் செய்வது அதற்கு முந்தைய வேலை. ஏ4 தாளை ஆறு கட்டமாகப் பிரித்துக் குச்சி மனிதர்களை வரைகிறேன். போனில் படம் பிடித்து, என் குரலிலேயே வசனம் வைத்து, அடுத்தடுத்து ஓட விடுகிறேன். இந்தக் கச்சாப் படத்தை இரண்டு சூப்பர்வைசர்களிடம் டீ நேரத்தில் காட்டுங்கள். 'மேடம், நாலு மணிக்கு எந்த டெய்லரும் எழுந்து வரமாட்டாள், ஹெல்பர் கிட்ட சொல்லி அனுப்புவாள்' என்று ஒருவர் திருத்தினார். அந்தத் திருத்தம் இந்தக் கட்டத்தில் பத்து நிமிஷ வேலை. அசைத்து முடித்த பிறகு என்றால் இரண்டு நாள். (பிறகும் மரகதத்தையே எழுப்பி நடக்க விட்டேன். அவள் அவ்வளவு தூரம் எழுந்து வந்ததே எவ்வளவு அவசரம் என்பதைச் சொல்லிவிடுகிறது.)

குரல் பதிவுக்கு ஸ்டுடியோ வேண்டாம். துணி குடோனில் ரோல்களுக்கு நடுவில் உட்கார்ந்து போனில் பேசுங்கள், எதிரொலியே இருக்காது. தையல் மெஷின் இரைச்சலை நிஜ ஃப்ளோரில் பதிவு செய்து வசனத்துக்கு அடியில் மெதுவாக ஓட விடுங்கள். மரகதம் எழும்போது அவள் மெஷின் சத்தம் மட்டும் நிற்க வேண்டும். அந்தச் சின்ன மௌனத்தில் அறையே நிமிர்ந்து உட்காருவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

லைன்களில் ஒடிசா, பீகார் ஆட்கள் நிறைய இருப்பதால் இந்தியிலும் குரல் போட வேண்டி வரும். எனவே படத்துக்குள் தமிழ் எழுத்து வேண்டாம், போர்டில் எண் மட்டும் போதும். வாயசைவு பெரிதாகத் தெரியாமல் முதுகுப் பக்கமோ கையோ காட்டினால் மொழி மாற்றுவது சுலபம்.

சரி, போட்டுக் காட்டும் நாள். பத்துப் பேர் போதும், முதலாளியும் மேனேஜரும் வெளியே. படம் நின்றதும் 'நீங்கள் என்ன செய்வீர்கள்?' என்று கேட்காதீர்கள், எல்லோரும் 'அனுப்பி வைப்பேன் மேடம்' என்று நல்ல பிள்ளையாகிவிடுவார்கள். 'கதிரேசன் மனசில் இப்போது என்ன ஓடுகிறது?' என்று கேளுங்கள். ஒருவர் சொன்னார்: 'நைட்டு யார்கிட்ட திட்டு வாங்கணும்னு கணக்குப் போடறான்.' பயிற்சி அங்கேதான் ஆரம்பிக்கிறது. 'அப்போ அவன் யாரிடம் பேசணும்? மேனேஜரிடமா, பக்கத்து லைன் சூப்பர்வைசரிடமா? ஓவர்லாக் தெரிந்த ஹெல்பர் யாராவது இருக்கிறாரா?' என்று பேச்சை இழுத்துக்கொண்டு போங்கள். அரைமணி நேரம் போவதே தெரியாது. இரண்டு முடிவுகளைத் தயாராக வைத்திருந்து, சண்டை ஓய்ந்த பிறகு போடுங்கள்: அனுப்பினால் என்ன ஆனது, அனுப்பாவிட்டால் மறுநாள் காலை மரகதத்தின் மெஷின் எப்படி இருந்தது. இரண்டிலும் ஏதாவது ஒரு நஷ்டம் இருக்கட்டும், இல்லாவிட்டால் நம்ப மாட்டார்கள்.

அடுத்த கதையை நீங்களாக யோசிக்க வேண்டாம். போகும்போது ஆளுக்கொரு துண்டுச்சீட்டு கொடுத்து, பெயர் போடாமல் 'எனக்கு முடிவெடுக்கத் தெரியாமல் போன ஒரு நாள்' எழுதச் சொல்லுங்கள். போன மாதம் வந்த ஒரு சீட்டில் ஒரே வரி: 'பாத்ரூம் டோக்கன் ஒண்ணுதான் இருந்துச்சு, ரெண்டு பேரு கேட்டாங்க.' (டோக்கன் கையில் இருந்தால்தான் லைனை விட்டு பாத்ரூம் போகலாம்.) தம்பி இப்போது அந்த டோக்கனை வரைந்துகொண்டிருக்கிறான். அந்தக் கம்பெனி முதலாளியிடம் இன்னும் சொல்லவில்லை.